உள்ளே யாரும் இல்லை

"கடலில் உப்பு இருக்கும் வரை ஷியோமிசாகி க்ளோரியோ முதல் டிவிஷனில் இருக்கும்."

பிப்ரவரிக் குளிரில், வரிசையாக நின்ற ஆட்டக்காரர்களுக்கு முன்னால், கோவில் மணியை உலுக்கிவிட்டு கால்பந்து க்ளப்பின் தலைவர் ஒனோதெரா செய்த சபதம் இது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை. கடலில் உப்பு அப்படியேதான் இருந்தது.

முதல் டிவிஷனில் க்ளோரியோதான் இல்லை.

ஜெயித்தால் தப்பிக்கலாம் என்ற கடைசி ஆட்டம். இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கியாயிற்று. இறுதி விசில் ஊதியபோது யாரும் கத்தவில்லை. எழுந்து போகவும் இல்லை. சீசனின் கடைசி ஆட்டம் முடிந்ததும் தலைவர் மைதானத்தின் நடுவில் வந்து நின்று, மைக்கில் நாலு வார்த்தை பேசி, ரசிகர்களுக்குத் தலை வணங்க வேண்டும். அது வழக்கம். ரசிகர்கள் காத்திருந்தார்கள்.

மைக் தயார். தலைவரைத்தான் காணவில்லை.

ஆட்டநாள் ஏற்பாடுகளைக் கவனிக்கும் தொகாஷி தேடிக்கொண்டிருந்தான். தலைவர் அறையில் கோட்டு இருந்தது. போன் இருந்தது. பெரிய ஜாடி நிறைய வைத்த பச்சைத் தேநீர், சொட்டு விடாமல் காலியாக இருந்தது. பதட்டம் வந்தால் ஒனோதெரா தேநீராகக் குடித்துத் தள்ளுவார்.

அப்போது தொகாஷியின் போன் அடித்தது.

"பிஸியான நேரத்துல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும். கடத்தல் விஷயமா கூப்பிடறேன்."

"என்னது?"

"ஃபுகுமாரு எங்ககிட்ட இருக்காரு."

தொகாஷி அறைக் கதவைச் சாத்தினான்.

ஃபுகுமாரு க்ளப்பின் சின்னம், ஆட்டநாளில் மைதானத்தைச் சுற்றி ஆடிவரும் பொம்மை வேஷம். உப்பிப் பந்தாகும் பேத்தை மீன், ஆள் உயரத்தில். உருண்டை உடம்பு, குட்டிக் கைகள், எப்போதும் சிரிக்கும் வாய். போன வருஷம் சின்னங்களுக்கான ஓட்டெடுப்பில் நாட்டிலேயே மூன்றாம் இடம். க்ளப் எதிலும் அவ்வளவு மேலே போனதில்லை.

"கமேதா அண்ணே... நீங்கதானே?"



"பேரெல்லாம் சொல்ல முடியாதுங்க."

"போன மாசம்தான் உங்க கடையில டோஃபு வாங்கினேன். இந்தக் குரல் எனக்குத் தெரியாதா?"

"வாயில கைக்குட்டை கட்டிட்டுப் பேசறேன். எப்படிங்க தெரியும்?"

சோயாப் பனீரான டோஃபு விற்கும் கமேதா, கோல் கம்பத்துக்குப் பின்னாலிருக்கும் ரசிகர் கூட்டத்தை நடத்துபவர். இருபது வருஷமாக மெகாஃபோனில் கத்திக் கத்தி, கைக்குட்டைக்கு அடங்காத தொண்டை.

"சரி, என்ன வேணும் உங்களுக்கு?"

"தலைவர் மைதானத்துக்கு வரணும். எங்க முன்னால நின்னு குனியணும். அதுவரைக்கும் ஃபுகுமாரு வரமாட்டாரு."

"எங்க வெச்சிருக்கீங்க?"

"அதைச் சொன்னா அப்புறம் அது என்ன கடத்தல்?"

"எப்போ புடிச்சீங்க?"

"இடைவேளையில. பின் கேட் பக்கம் தனியா நடந்து போய்ட்டிருந்தாரு. பாவம், அவராலயே பார்க்க முடியல போல."

தொகாஷி மனசுக்குள் கணக்குப் போட்டான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த மீன் வேஷத்துக்குள் க்ளப் ஊழியர் நுமாதா இருக்கிறார். ஐம்பத்தெட்டு வயசு. வசந்தத்தில்தான் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இருபது நிமிஷத்துக்கு மேல் தலையை மாட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அண்ணே, அவர் எப்படி இருக்காரு? அசையறாரா?"

"முதல்ல நல்லாத்தான் இருந்தாரு. கையை எடுத்து எடுத்து முதுகைக் காட்டினாரு. அரிக்குதாக்கும்னு நாலு பேரு மாத்தி மாத்தி சொறிஞ்சு விட்டோம்."

"அய்யோ..."

"அப்புறம் ரெண்டு காலையும் ஒட்டி வெச்சுக்கிட்டு குதிகுதின்னு குதிச்சாரு. நமக்காக ஆடறாருன்னு நாங்களும் பாடினோம். இப்போ படுத்துட்டாரு. பேச்சு இல்ல."

ஃபுகுமாரு எப்போதுமே பேசியதில்லை.

"அண்ணே, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். அந்தத் தலையைக் கழட்டுங்க. கொஞ்சம் காத்து வரட்டும்."

"என்ன பேச்சு சார் பேசறீங்க? அது அவரோட தலை."

"இல்லண்ணே, உள்ள வந்து..."

"சொல்லாதீங்க." கமேதா அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார். "என் சம்சாரம் பக்கத்துல இருக்கா. வருஷா வருஷம் அவருக்குப் பிறந்தநாள் கேக் செய்றவ. தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

போன் துண்டிக்கப்பட்டது.

*

ஸ்டேடியக் காவல் பொறுப்பில் இருந்தவள் இன்ஸ்பெக்டர் ஷிகெனோ. சூடான காபி டின்னில் கையைச் சூடேற்றிக்கொண்டே கேட்டாள்.

"கடத்தினது யாருன்னு தெரியும். டோஃபு வேன் வெச்சிருக்கார்னும் தெரியும். பார்க்கிங்ல கிடக்கிற ஒவ்வொரு வேனையும் தொறந்து பார்த்துடலாம். அதுக்கு ஒரு புகார் வேணும். கடத்தப்பட்டது யாரு?"

"ஃபுகுமாரு, மேடம்."

"அது துணி. துணி காணாமப் போனா அது வேற கவுண்ட்டர். உள்ள இருந்தது யாரு?"



'ஃபுகுமாருவுக்குள் யாரும் இல்லை.' இது க்ளப்பின் விதி. க்ளப்பின் தாய்க் கம்பெனி, ஒனோதெராவுடையது, அரைத்த மீனை வேகவைத்து மீன் கேக் செய்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விற்பது அவர்களுக்குப் பழக்கம். வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரிடமும் இந்த விதியை ஒப்பிக்கச் சொல்லி வாங்குபவன் தொகாஷியேதான். மீறினால் க்ளப் வேலை போகும்.

"உள்ள... யாரும் இல்ல, மேடம்."

"அப்போ யாரையும் கடத்தல."

"இருக்காரு."

"இப்பத்தான் இல்லன்னீங்க."

"இல்ல. ஆனா அவருக்கு இதயம் பலவீனம்."

ஷிகெனோ காபியைக் கீழே வைத்தாள்.

"இல்லாத ஆளுக்கு இதயம் பலவீனம். இதை நான் ரிப்போர்ட்ல எழுதினா, என்னை மலை மேல ஏதாவது ஒத்தை ரூம் ஸ்டேஷனுக்கு அனுப்பிடுவாங்க. ஒரு பேரு சொல்லுங்க சார். ஒரே ஒரு பேரு."

வெளியே முரசு அடிக்க ஆரம்பித்தது. ஒரே சீராக... டம்... டம்... டம்... ஒலிபெருக்கியில் "தலைவர் ஒனோதெரா அவர்கள் மைதானத்துக்கு வரவும்" என்று கேட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

தொகாஷிக்குப் பன்னிரண்டு வருஷ வேலை. அடைத்து முடிக்காத வீட்டுக் கடன். அந்தப் பக்கம், ஒரு வேனுக்குள், அசையாமல் கிடக்கும் ஒரு மீன்.

கண்ணை மூடிக்கொண்டான்.

"நுமாதா. உள்ள இருக்கிறது நுமாதா சார். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் காரணம்."

"யாரு, நானா?"

குரல் பின்னாலிருந்து வந்தது.

நுமாதா நின்றிருந்தார். இரவல் கோட்டு, வெறும் கால், கையில் ஆவி பறக்கும் நூடுல்ஸ் கிண்ணம்.

தொகாஷி அவருடைய தோளைத் தொட்டுப் பார்த்தான். ஆள்தான்.

"நீங்க... நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

"இருந்தேன்ப்பா. இடைவேளையில தலைவர் வந்து 'கழட்டிக் குடு'ன்னாரு. குடுத்தேன். உள்ளாடையோட சாமான் ரூம்ல உக்காந்திருந்தேன். இப்பத்தான் சமையல்காரர் ஒருத்தர் இந்தக் கோட்டைக் குடுத்தாரு."

"எதுக்குக் கேட்டாரு?"

"ஜனங்க கேட்டை மறிச்சிருவாங்களாம். மீனை யாரும் மறிக்க மாட்டாங்களாம். அவர் சொல்லி, நானே முதுகு ஜிப்பை இழுத்து விட்டேன். உள்ள இருக்கிற ஆளுக்கு அது எட்டாது பாரு."



நுமாதா நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

ஷிகெனோ மெதுவாகச் சொன்னாள்: "அப்போ தலைவரை விடணும்னா, தலைவர் வரணும்."

"ஆமா மேடம்."

"தலைவர் வரணும்னா, தலைவரை விடணும்."

தொகாஷி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"கமேதாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் அவள்.

"வேனைச் சுத்தி முன்னூறு பேரு நிப்பாங்க மேடம். உள்ள இருக்கிறது யாருன்னு தெரிஞ்சா மீனை வறுத்துடுவாங்க. அதனாலதான் அவரும் வாயைத் திறக்காம படுத்திருக்காரு. குரல் தெரிஞ்சா அவ்வளவுதான்."

போனை எடுத்தான்.

"கமேதா அண்ணே, ஃபுகுமாருவை மைதானத்துக்குக் கூட்டிட்டு வாங்க. உங்க முன்னால கொண்டு வந்து நிறுத்துங்க. தலைவர் அங்க இருப்பாரு. என் வாக்கு."

"நிச்சயமா?"

"நீங்க வர்ற அதே நிமிஷம் அவரும் வருவாரு. ஒரு செகண்டு முன்ன பின்ன ஆகாது."

*

மீனைத் தோளில் தூக்கி வந்தார்கள்.

கோல் கம்பத்துக்கு எதிரே இறக்கி நிறுத்தினார்கள். முரசு நின்றது. எட்டாயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

ஃபுகுமாரு ஒரு அடி எடுத்து வைத்தது. தள்ளாடியது. இரண்டு குட்டிக் கைகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டது...

குனிந்தது.

மெதுவாக, ஆழமாக. நிமிரவே இல்லை.

முதல் வரிசையில் ஒரு அம்மாள் விம்மினாள். "நீ ஏன்டா கண்ணு குனியற? நீயா தோத்தே?"

கைதட்டல் ஒரு மூலையில் தொடங்கி ஸ்டேடியம் முழுக்கப் பரவியது. மொத்த சீசனிலும் கேட்காத கைதட்டல். கமேதாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மெகாஃபோனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொகாஷியிடம் வந்தார்.

"தலைவர் எங்க சார்? வாக்குக் குடுத்தீங்களே."

"வந்தாருண்ணே."

"எப்போ? நான் பார்க்கலையே."

"கூட்டத்துல கவனிச்சிருக்க மாட்டீங்க."

"போகட்டும் விடுங்க. அந்தாளு வந்திருந்தாக்கூட இப்படிக் குனிஞ்சிருக்க மாட்டான்." கமேதா மூக்கைச் சிந்தினார். "இவர் குனிஞ்சாரு. அது போதும் எங்களுக்கு."

ஷிகெனோ ரிப்போர்ட்டை முடித்தாள். கடத்தப்பட்டவர்: யாரும் இல்லை.

*

உடை மாற்றும் அறையில் நுமாதா ஜிப்பை இழுத்தார். தலைவர் ஒனோதெரா வெளியே வந்தார். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கம்பீரம் மட்டும் கொஞ்சமும் குறையவில்லை.

"கேட்டியா தொகாஷி, அந்தக் கைதட்டலை? கடைசி வரைக்கும் நான் ரசிகர்களோடதான் இருந்தேன். பத்திரிகைக்கு அப்படியே எழுதிக் குடுத்துடு."

"சரிங்க."

"அப்புறம், போலீஸ்கிட்ட 'உள்ள ஆள் இருக்கு'ன்னு சொன்னியாமே. விதின்னா விதி. திங்கட்கிழமையிலருந்து நீ மீன் கேக் கிடங்குக்குப் போயிடு."

தொகாஷி குனிந்து வணங்கினான்.

நுமாதா உடையை மடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தினார். மோந்து பார்த்தார்.

"தலைவரே, உள்ள ஒரே ஈரமா இருக்கே."

"வியர்வை."

"கால் பக்கம் மட்டுமா?"

தலைவர் கோட்டை மாட்டிக்கொண்டு போனார்.

புது சீசனுக்கு ஃபுகுமாருவுக்குப் புது உடம்பு தைத்தார்கள். பழையதைச் சலவைக் கடைக்காரர் துவைக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்.