அவள் நாற்காலியில் மட்டும்

நான்காவது சப்வூஃபர் பெட்டியையும் வைத்தாகிவிட்டது. அப்படியும் அவள் நாற்காலியில் மட்டும் பேஸ் விழவில்லை.

மூடிய அறை என்றால் அப்படித்தான். பேஸ் என்கிற கனத்த ஒலி சுவரில் மோதித் திரும்பி ஓரிடத்தில் குவியும், இன்னோரிடத்தில் ஒன்றுமில்லாமல் போகும். ஒரு பெட்டி விட்ட பள்ளத்தை அடுத்த பெட்டி நிரப்பும். ஒலிப்பதிவாளனான அவன் எத்தனையோ பேர் வீட்டில் இதைச் சரிசெய்து கொடுத்திருக்கிறான். சொந்த வீட்டில்தான் கைவரவில்லை.

அவனுக்கு வேண்டியது பாட்டு இல்லை. மனைவி உயிரோடிருந்தபோது, விளையாட்டாக அவள் நெஞ்சில் மைக்கை ஒட்டிப் பிடித்த இதயத்துடிப்பு. "என்னங்க, இதுக்கும் பேஸ் ஏத்தணுமா?" என்று அவள் சிரிப்பதில்தான் பதிவு தொடங்கும். சிரிப்பு அடங்கியதும் துடிப்பு. அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து அதை உடம்பு முழுக்க வாங்கிக்கொள்ள வேண்டும். அது கிடைக்காவிட்டால் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது அவனுக்கு.

போன் அடித்தது. மனைவியின் தம்பி.

"மாமா, சாப்ட்டீங்களா?"

"அப்புறம் சாப்பிடுறேன். வையிடா."

"அந்தப் பெட்டியெல்லாம் தூக்கிப் போடுங்க மாமா. அக்கா இனி வரமாட்டா."

துண்டித்து, போனை வாசல் கதவருகே மேசையில் போட்டான்.

இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. அவன் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கேட்பவரின் நாற்காலியில் சப்வூஃபரைத் தூக்கி வைத்துவிட்டு, கேட்பவர் தரையில் தவழ்ந்து தேட வேண்டும். துடிப்பு எங்கே நன்றாகக் கேட்கிறதோ, பெட்டியை அங்கே மாற்றினால் நாற்காலியில் அதே அளவு கேட்கும். ஒலிக்குப் போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றுதான்.

மற்ற மூன்றையும் அணைத்தான். ஒன்றை அவள் நாற்காலியில் ஏற்றி, பதிவைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டான்.

கம்பளத்தின் தூசி மூக்கில் ஏற, சூடான ஆம்பிளிஃபயரின் வாடையும் மடித்துவைத்த அவள் துணிகளின் சோப்பு வாசனையும் கலந்து வர, திரைச்சீலைக்கு வெளியே பொழுது சாய்வதைக்கூடக் கவனிக்காமல், காதைத் தரையோடு வைத்துச் சுவரோரமாகத் தவழ்ந்தான். அலமாரிப் பக்கம் மெலிந்தது. ஜன்னலடியில் செத்தது. கடைசி மூலையில் முழங்கை வழியாக ஏறிப் பல்வரை அதிர்ந்தது. அவள்தான். நிதானமான அவள் துடிப்பு. அவன் வாய்விட்டு அழுதான்.

அழுகை ஓய்ந்தபோது மின்விசிறியும் ஓய்ந்திருந்தது. ஆம்பிளிஃபயரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. மின்சாரம் போயிருந்தது.

துடிப்பு போகவில்லை.

இப்போது அது நிதானமாகவும் இல்லை. படபடத்தது. அவன் மிரள மிரள, இன்னும் வேகமாக.

நெஞ்சில் கை வைத்தான். உள்ளே அசைவே இல்லை.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். கழுத்தை அழுத்திப் பார்த்தான். இல்லை. நாற்காலியில் பெட்டியின் முகப்பில் ஒலியெழுப்பும் கூம்பு மட்டும் முன்னும் பின்னும் அடித்துக்கொண்டது.

கதவை நோக்கித் தவழ்ந்தான். துடிப்பு மெலிந்தது. கண் இருண்டது. விரல்கள் மரத்தன. ஜன்னலடிக்கு வந்ததும் மூச்சே நின்றது. உருண்டு புரண்டு மூலைக்கே திரும்பினான். உயிர் வந்தது.

கதவருகே போன் அடித்தது. மைத்துனன்தான். எட்டாத தூரம்.

"குடுத்துடும்மா," என்று நாற்காலியைப் பார்த்துக் கெஞ்சினான். "என்னோடத எங்கிட்ட குடுத்துடு."

கூம்பு வேகம் குறைத்தது.

இன்னும் குறைத்தது.

உள்ளே இழுத்துக்கொண்டு, அப்படியே நின்றது.

இருட்டில் நாற்காலியிலிருந்து அவள் குரல், பக்கத்தில் இருப்பது போல: "என்னங்க, இதுக்கும் பேஸ் ஏத்தணுமா?"

சிரித்தாள். சிரிப்பு அடங்கியது. அடுத்துத் துடிப்பு வர வேண்டும்.

நெஞ்சில் வைத்த கையை எடுக்காமல் அவன் காத்திருந்தான்.