தங்கத் துகளில் ஒரு தப்பு!

போன் அலறியது!

இளமதி எடுத்தாள். எதிர்முனையில் டாக்டர் வைதேகி. குவீன்ஸ்டவுன் ஆய்வுக்கூடத்தில் அவளுடைய மேலதிகாரி.

"இளா... தங்கராஜு இறந்துட்டாரு. தெம்பனிஸ் வீட்டுல, இன்னிக்குக் காலையில."

இளமதி போனை வைத்தாள்.

'நான்தான் கொன்றேன்!'

தங்கராஜுவுக்கும் அவள் தம்பி பிரேமுக்கும் ஒரே நோய். கல்லீரல் புற்று. இருவரும் ஒரே மருந்துச் சோதனையில் இருந்தார்கள்.

ஊசி வழியே தங்க நானோ துகள்கள் உள்ளே போகும். கட்டியில் போய் ஒட்டிக்கொண்டு, ஸ்கேனில் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். லேசர் பட்டால் சூடேறி, கட்டியைப் பொசுக்கும்!

ஆனால் பாதிப் பேருக்குத்தான் நிஜத் துகள். மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர்... எல்லாமே ஃபாயில் சுற்றிய குப்பிகள். பெயர் ஸ்டிக்கரைத் தவிர வித்தியாசமே கிடையாது.

பிரேமுக்குத் தண்ணீர் என்பது துகள் தயாரிக்கும் இளமதிக்குப் பட்டியல் வழியே தெரிந்துபோனது. யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவன் ஸ்டிக்கரையும் தங்கராஜுவின் ஸ்டிக்கரையும் உரித்து மாற்றி ஒட்டிவிட்டாள், பாவி!

வைதேகியின் அறைக்குள் ஓடினாள். மருந்து ஸ்டோர் ரஞ்சனும் அங்கே நின்றிருந்தான்.

"டாக்டர்... ஸ்டிக்கரை மாத்தினது நான்தான்! அவரோட மருந்தைத் திருடி என் தம்பிக்குக் கொடுத்துட்டேன். போலீஸைக் கூப்பிடுங்க..."

வைதேகி கம்ப்யூட்டர் திரையைத் திருப்பினாள்.

"தங்கராஜுவோட ஸ்கேன். பாரு."

கட்டி முழுக்க வெள்ளைப் புள்ளிகள்!

"நிஜத் துகள்தான் போயிருக்கு. கட்டி முக்கால்வாசி கருகிடுச்சு. அவர் செத்தது ஹார்ட் அட்டாக்ல."

"அப்போ... பிரேம்?"

அடுத்த படம் வந்தது. ஒரு புள்ளிகூட இல்லை. கட்டி மட்டும் இரட்டிப்பாகி இருந்தது.

"இருக்காது! நான் மாத்தினேனே!"

ரஞ்சனின் முகம் வெளுத்தது.

"அக்கா... அதே ரெண்டு ஸ்டிக்கரை நானும் மாத்தினேன் லா. உங்களுக்கு முதல் நாளே."

"ஏன்டா?!"

"தேக்கா சாப்பாட்டுக் கடையில தம்பியை நெனச்சு அழுதீங்கல்ல... மனசு கேக்கல."

தம்பிக்குக் கிடைத்துவிட்ட உயிரை, மறுபடி மாற்றி ஒட்டி அவளே தன் கையால் பிடுங்கியிருக்கிறாள். இளமதி தரையில் சரிந்து, வாய்விட்டு அழுதாள்.

வைதேகி போனை எடுத்து போலீஸ் நம்பரைத் தட்டினாள்.

"அவங்க வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உட்காருங்க. தப்பு பண்றதுக்கு முன்னாடி பேசியிருக்க வேண்டியதை, இப்பவாவது பேசி முடிச்சிடுங்க!"