ஓர் இலை போதும்

வெட்டிப் போட்டு மூன்று நாளாகியும் தாமரைத் தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது.

சின்னவள் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே பின்வாசல் படியில் நின்று அதைப் பார்த்தாள். காலை ஏழு மணி வெயில் மதிலேறி வந்து சிமெண்ட் தொட்டியின் மேல் சரிந்திருந்தது. தண்ணீருக்கு மேலே ஓர் இலை இல்லை, ஒரு மொட்டு இல்லை, ஒரு குச்சிகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் நடுவில், கறுத்த தண்ணீரில், கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று, அதே அளவு பொறுத்து மறுபடி ஒன்று. சேறு அழுகினால் குமிழி வரும் என்று அவளுக்கும் தெரியும். அது இஷ்டத்துக்கு வரும். இது முறை வைத்து வந்தது.

அந்தத் தாமரையைக் கொன்றது அவள்தான், இதில் ஒளிவுமறைவு எதற்கு? அப்பா போகும்போது வீட்டை இரண்டு பெண்கள் பெயரிலும் சேர்த்து எழுதி, ஆகாத இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டிவிட்டுப் போனார். விற்றுவிட்டு ஆளுக்கொரு திசையில் போய்விடலாம் என்று சின்னவள் ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கண் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்து, ராத்திரி அக்காவின் முகத்தையும் பார்க்க அவளால் முடியவில்லை. அக்காவிடம் எப்போதும் ஒரே பதில்தான்: "இந்தக் கிழங்கு உசுரோட இருக்கிற வரைக்கும் நான் இங்கிருந்து அசைய மாட்டேன்."

ஏரியைத் தூர்த்தபோது மண் தள்ளும் இயந்திரத்துக்கு முன்னால் விழுந்தடித்து ஓடி, சேற்றிலிருந்து அக்கா கிளறி எடுத்து வந்த நாட்டுத் தாமரை அது. நர்சரியில் விற்கும் கிண்ணத் தாமரை போலச் சொன்னபடி கேட்கிற ஜாதி இல்லை. களிமண்ணில் ஒரு சாண் துண்டாக நட்டது, ஒரே வருடத்தில் தொட்டியை அடைத்துக்கொண்டு முறம் முறமாக இலை விட்டது. அக்கா அதற்குக் காட்டிய கரிசனத்தில் கால்வாசியைத் தங்கைக்குக் காட்டியிருந்தால் விற்கிற பேச்சே வந்திருக்காது.

"வெட்டுறதா இருந்தா தண்ணிக்கு மேல வெட்டு," என்று அக்கா ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். "தண்டு பூரா ஓட்டை. இலை வழியாத்தான் கிழங்குக்கு மூச்சு போகுது. தண்ணிக்குள்ள வெட்டினா மூழ்கிச் செத்துடும். ஒரே ஒரு இலை மேல இருந்தா போதும், பொழச்சுக்கும்."

இப்படிக் கொல்கிற வித்தையை அவளே கற்றுக்கொடுத்தாள். அக்கா சிநேகிதி வீட்டுக்குக் கிளம்பிப் போன அன்றே சின்னவள் கத்தரியோடு தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, சேற்றோடு சேர்த்துத் தண்டுகளை நறுக்கினாள். பதினேழு தண்டு. இலைகளைச் சாக்கில் திணித்துக் குப்பை வண்டியில் ஏற்றினாள். ஏதோ நோய் வந்து கருகிப்போச்சு, நான்தான் அள்ளிப் போட்டேன் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அன்று மாலையிலிருந்து தொண்டையில் ஏதோ அடைத்தது. தண்ணீரில் நனைந்ததால் சளி பிடித்திருக்கும் என்று விட்டுவிட்டாள்.

போன் அடித்தது. வீட்டுத் தரகர்.

"சாயங்காலம் பார்ட்டியக் கூட்டிட்டு வரேன்மா. அக்கா கையெழுத்துப் போட்டுருவாங்கல்ல?"

"போடுவா."

"என்னம்மா, குரல் கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு?"

"சளி," என்று வைத்துவிட்டாள். அடுத்த நிமிடமே அக்கா.

"பஸ் ஏறிட்டேன் சின்னு. பத்து மணிக்கெல்லாம் வந்துருவேன். தாமரை எப்படி இருக்கு?"

"இருக்கு," என்றாள் சின்னவள். தொட்டியில் குமிழி உடைந்தது.

கிழங்கு செத்திருந்தால் அக்கா அழுவாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பாள், பிறகு கையெழுத்துப் போடுவாள். உயிர் இருப்பது தெரிந்தால் தீர்ந்தது. மறுபடி ஒரு சாணிலிருந்து ஆரம்பிப்பாள், இன்னொரு ஆறு வருடம். மூச்சு போகிறதென்றால் எங்கோ ஓர் இலை மேலே இருக்கிறது. பத்து மணிக்குள் அதைக் கண்டுபிடித்து அறுத்தாக வேண்டும்.

வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்தாள். முட்டை அழுகினது போன்ற சேற்று வாடை எழுந்து மூக்கில் ஏறியது. தண்ணீர் முழங்கையளவுக்கு இறங்கியதும் சேற்றைத் துழாவினாள், பழைய தண்டுகளின் வெட்டு வாய்கள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டன, பதினேழும் சேற்றுக்குள்தான் இருந்தன, பதினேழும் கொழகொழத்துப் போயிருந்தன. பதினெட்டாவதாக ஒன்று கையில் சிக்கியது. தண்டு இல்லை, படுக்கையாக ஓடும் கொடி. கட்டைவிரல் கனம், வழவழவென்று, கெட்டியாக, ஜில்லென்று. அது தொட்டியின் மூலைக்குப் போய், மிகுதித் தண்ணீர் வெளியேறும் குழாய்க்குள் நுழைந்திருந்தது. அவள் பிடித்து இழுத்தாள். அதே கணம் நெஞ்சுக்குள் எதுவோ சுண்டி இழுத்தது, இருமல் பொத்துக்கொண்டு வந்தது, அவள் கையை விட்டுவிட்டாள்.

அந்தக் குழாய் வீட்டுக்குள் வந்து குளியலறைச் சாக்கடையில் சேரும். அவளுடைய அறையை ஒட்டிய குளியலறை.

அங்கே ஈரம் காய்ந்தே கிடந்தது. மூலையில் சாக்கடைத் துளை, அதன் மேல் ஓட்டை போட்ட எவர்சில்வர் மூடி. சின்னவள் மண்டியிட்டுக் காதை வைத்தாள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. தண்ணீர் ஓடுகிற சத்தம் இல்லை, தூங்குகிற ஆள் வாயைத் திறந்து காற்றை இழுக்கிற மாதிரி ஒரு நீண்ட 'ஸ்ஸ்', பிறகு மௌனம். அவள் தலைமுடி ஒன்று மூடியின் ஓட்டைப் பக்கமாக நகர்ந்தது.

"இங்கயா இருக்க," என்றாள் வாய்விட்டு. பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். தளதளவென்று கொதிக்கக் கொதிக்கத் தூக்கி வந்து, மூடியைக் காலால் தள்ளிவிட்டு, துளைக்குள் அப்படியே கவிழ்த்தாள்.

அலறல் அவளுடையதுதான். தொண்டை வெந்தது. கொதிநீரை அவளே குடித்ததுபோல, நாக்கின் அடியிலிருந்து நெஞ்சு வரைக்கும் வெந்து இறங்கியது. பாத்திரம் உருண்டது. அவள் தரையில் சுருண்டு கிடந்து கத்த வாயைத் திறந்தாள், இரண்டாவது முறை சத்தம் வரவில்லை.

தவழ்ந்துதான் பின்வாசலுக்கு வந்தாள். தொட்டியில் கிடந்த கொஞ்சத் தண்ணீர் கொதிக்கிற மாதிரிப் பொங்கிக்கொண்டிருந்தது. குமிழிகள். படபடவென்று. அவள் எப்படி மூச்சு வாங்கினாளோ அப்படி.

சந்தேகம் வந்தது. வந்திருக்க வேண்டாம்.

மூச்சை அடக்கினாள்.

தொட்டி நின்றது.

விட்டாள். குமிழி வந்தது.

மறுபடி அடக்கினாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. காதுக்குள் ரத்தம் இடித்தது. தாங்காமல் விட்டாள். குமிழி. குமிழி. குமிழி.

கைப்பையில் ஆஸ்பத்திரி டார்ச் இருந்தது. கூடத்துக் கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பிளந்து ஒளியை உள்ளே அடித்தாள். உள்நாக்குக்குப் பின்னால் ஒன்று நின்றது. விரல் நீளத்துக்கு. இரண்டு பக்கமும் இறுகச் சுருண்டு, கூர் முனையோடு. இளம் பச்சை. விளிம்பில் ரோஜா நிறம். இலை விரிவதற்கு முன்பு சுருள் இப்படித்தான் வரும். தொட்டியில் நூறு தடவை பார்த்திருக்கிறாள்.

வெளிச்சம் பட்டதும் அது மேலே நகர்ந்தது.

அவள் ஓடினாள். ஆஸ்பத்திரிக்கு, தெருவுக்கு, யாரிடமாவது. வாசல் கேட்டைத் தொடுவதற்குள் மூச்சு அறுந்தது. குழாயைத் திருகி மூடினது போல. கண் இருட்டியது. ஓரடி பின்னால் வைத்தாள், நூல் போலக் காற்று வந்தது. இன்னும் ஓரடி, கொஞ்சம் தாராளமாக. தொட்டியை நெருங்க நெருங்கத்தான் விட்டது. கடைசியில் அதன் விளிம்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அழுதாள். வாயை மூடினால் மூச்சு நின்றது. திறந்த வாயோடு அழுதாள்.

கேட் சத்தம் போட்டது. அக்கா.

அக்கா பையை இறக்கினாள். வற்றிக் கிடந்த தொட்டியைப் பார்த்தாள், சேற்றுக்குள் கைவிட்டு வெட்டு வாய்களைத் தடவிப் பார்த்தாள், அவை எந்த உயரத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன என்றும் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"தண்ணிக்குள்ள வெட்டிருக்க."

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்தாள். கெஞ்சினாள், கண்ணால்தான். வாயைக் காட்டினாள். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவள். திட்டுவாள், அடிப்பாள்கூட, ஆனால் எடுத்துவிடுவாள். வண்டி பிடித்துக் கூட்டிப் போவாள்.

அக்கா டார்ச்சை வாங்கித் தாடையைப் பிடித்து உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முகத்தில் இருந்த கடுமை மெல்ல மெல்லக் கரைந்தது. சின்னவள் பிறந்ததிலிருந்து தன் பக்கம் திரும்பிப் பார்த்தறியாத ஒரு பிரியம் அந்த முகத்தில் வந்து நின்றது.

"உசுரு இருக்கு," என்றாள் அக்கா. குரல் தழுதழுத்தது. "எவ்வளவு அழகா வந்திருக்கு."

சின்னவள் தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை.

"ஆட்டாதடி. முறிஞ்சிடும்."

உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து தொட்டியோரம் வெயிலில் போட்டாள். சின்னவளைத் தூக்கி உட்கார வைத்தாள். சின்னவளின் துப்பட்டாவைக் கிழித்து நெற்றியை நாற்காலி முதுகோடு சேர்த்துக் கட்டினாள். கைகளையும். சின்னவள் உதைத்தாள், உதைக்க மூச்சு போதவில்லை. கால்களையும் கட்டினாள்.

"ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேணும் இதுக்கு," என்று சொல்லிக்கொண்டே முகத்தைச் சூரியன் பக்கம் திருப்பினாள். குழாயைத் திறந்து தொட்டியில் தண்ணீர் விட்டாள்.

வெயில் வாய்க்குள் இறங்கியது. சுருள் நாக்கின் மேல் ஏறி வந்தது. குளிர்ச்சியாக. அவசரமில்லாமல். தண்டின் முட்கள் கடைவாயில் உரசின. கீழ்ப்பற்களில் இடித்து நின்றது. நெருடிப் பார்த்தது. மறுபடி இடித்தது.

அக்கா குனிந்து கவனித்தாள்.

"பல்லு கிழிக்குதே," என்றாள் கவலையோடு.

எழுந்து உள்ளே போனாள். சாமான் அறையில் தகரப் பெட்டி திறந்தது. இரும்புகள் புரண்டன. நிதானமாக, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிற சத்தம். பிறகு காலடி. சின்னவளால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோனாள்.

அக்கா ஆணி பிடுங்கும் குறட்டைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"முன்பல்லு மட்டும்தான்," என்றாள். "இலை விரியறதுக்கு எடம் வேணும்ல."