சாக்குராணியும் மஞ்சள் அட்டையும்

வீட்டில் அவளுக்குச் சாக்குராணி என்று பெயர். பல் மருத்துவமனைக்குக் கிளம்பினால் போதும், ஒரு சாக்கு தயாராக இருக்கும். முதல் தடவை வயிற்றுவலி. இரண்டாம் தடவை ஒரு செருப்பைக் காணோம். அது ஃபிரிட்ஜுக்குள் இருந்தது!

பாவம், அவளும்தான் என்ன செய்வாள்? அவள் உடம்பில் இரண்டு சுரப்பிகள் சரியாக வேலை செய்வதில்லை. ஒன்றால் பற்களின் மேல்பூச்சு கெட்டிப்படவில்லை. எவ்வளவு நன்றாகத் தேய்த்தாலும் பல் சொத்தையாகிவிடும். இன்னொரு சுரப்பியின் வேலையை மாத்திரைதான் செய்கிறது. அதைத் தினமும் போட வேண்டும்.

மூன்றாம் தடவை அப்பா விடவில்லை. கையோடு கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். பல் டாக்டரம்மா வேலைக்குப் புதியவர். சொத்தைப் பல்லைப் பிடுங்க ஊசியை எடுத்தார்.

அப்போதுதான் அவளுக்குத் திக்கென்றது. காலையில் மாத்திரை போடவே இல்லை!

பல் விளக்கியதும் அப்பா, "டாக்டர் பாக்கற வரைக்கும் வாய் சுத்தமா இருக்கட்டும், ஒண்ணும் சாப்பிடாதே" என்று சொல்லியிருந்தார். பால் போயிற்று. பாலோடு போடும் மாத்திரையும் போயிற்று. பல் பிடுங்கும் நாளில் வழக்கத்தைவிட அதிகமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் மயங்கி விழலாம் என்று சுரப்பி டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆனால் இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்?

"டாக்டரம்மா, கொஞ்சம் இருங்க!"

அப்பா தலையில் கைவைத்தார். "ஆரம்பிச்சிட்டியா? இன்னிக்கு எந்தச் செருப்பு?"

"சாக்கு இல்லப்பா, நெஜமாத்தான்!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சுரப்பி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த மஞ்சள் அட்டையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "நீங்களே படிங்க டாக்டரம்மா. பல்லை இன்னிக்கே எடுங்க, நான் ஓட மாட்டேன். ஆனா முதல்ல மாத்திரை."

டாக்டரம்மா அட்டையைப் படித்தார். ஊசியைக் கீழே வைத்தார்.

"நல்லவேளை சொன்னே! நானே முதல்ல கேட்டிருக்கணும்."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "தப்பு என்னோடதுதான், கண்ணு. வாயை நெனச்சேன், மாத்திரையை மறந்தேன்."

டாக்டரம்மா சுரப்பி டாக்டருக்குப் போன் செய்தார். அவர் சொன்ன அளவு மாத்திரையை அவள் பையிலிருந்து எடுத்துப் போட்டதும், ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவளே ஏறி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஓர் ஊசி, ஓர் இழுப்பு. பல் வெளியே வந்துவிட்டது! மயக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாடா என்றிருந்தது எல்லோருக்கும்.

"அடுத்த மாசம் இன்னொரு பல்லை அடைக்கணும்," என்றார் டாக்டரம்மா.

அப்பா பதறினார். "அடுத்த மாசமா? அன்னிக்கு எனக்கு வயித்துவலி வரும் போலிருக்கே!"

வாயில் பஞ்சு இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. மஞ்சள் அட்டையால் அப்பாவின் கையில் செல்லமாக ஓர் அடி போட்டாள்.