குங்குமச் சிமிழில் இரண்டு செல்

மறையூரை மழை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். பார்த்தால் சும்மா போகாது... போன ஆவணியில் மோகனசுந்தரத்தைக் கொண்டுவந்து சிவசங்கரியின் வாசலில் போட்டுவிட்டுப் போனது.

மூணாறு லாட்ஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் ரிப்பேர் முடித்துவிட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்புகிறவன். 'ஜோதிடச் சக்கரவர்த்தி பிச்சைமணி, கம்ப்யூட்டர் ஜாதகம்' என்ற போர்டுக்குக் கீழே சொட்டச் சொட்ட ஒதுங்கினான். உள்ளே பார்த்த கண்கள் அப்படியே விரிந்தன.

"ஏனுங்க... இது இன்னும் ஓடுதுங்களா?"

மேசைமேல் இருந்த, அவளைவிட மூத்த கம்ப்யூட்டரைத்தான் கேட்டான். அவளுக்குக் கிடைத்தது இரண்டாவது பார்வை. ஆனாலும் அந்தப் பார்வைக்கே அவள் காப்பிக்கு இனிப்புப் போட மறந்தாள்... வெல்லத்துக்குப் பேர்போன ஊரில்!

கரண்ட் போனால் அந்தக் கம்ப்யூட்டர் தேதியை மறந்து 1980 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். அவள் அப்பா சக்கரவர்த்தி தேதியைப் பார்ப்பதில்லை. பலனை மட்டும்தான் பார்ப்பார். மோகனசுந்தரம் மூடியைத் திறந்து, காசு போலிருந்த துருப்பிடித்த செல்லை எடுத்து மேசையில் வைத்தான். புதிதாக ஒன்றைச் செருகினான்.

"கரண்ட் இல்லாதப்ப தேதியக் காப்பாத்தறது இதுதானுங்க. இன்னி அஞ்சாறு வருசத்துக்குக் கவலையில்லீங்க."

அஞ்சாறு வருசமா... அதுவரை இந்த மலைப்பக்கமே வரமாட்டானா?

அடுத்த மாதமே புதுச் செல் அவளது குங்குமச் சிமிழுக்குள் போயிற்று. செத்த செல் கம்ப்யூட்டருக்குள் போயிற்று. "தேதி போயிட்டுப்பா" என்றாள். அப்பா போன் போட்டார். அவன் வந்தான். பிறகு அவள் மறுபடியும் செல்லை மாற்றினாள்.

இந்தத் தடவை அவள் சொல்வதற்குள் காந்தலூர்க்காரர் ஒருவர் மகளுக்குக் குரு பலன் கேட்டு வந்துவிட்டார். சக்கரவர்த்தி 1980-ஆம் வருடத்துக் குருவைப் பார்த்து, கல்யாண யோகமே இல்லை என்று நாலு பேர் முன்னால் முழங்கினார். வந்தவர் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துக் காட்டிச் சிரித்துவிட்டார்.

இதோ, இப்போது மோகனசுந்தரம் தலைகுனிந்து நிற்கிறான். மூடி திறந்து கிடக்கிறது.

"டூப்ளிகேட் செல்லக் குடுத்து என் தொழில்ல மண்ணள்ளிப் போட்டுட்டியேலே! இனி இந்தப் படி ஏறப்படாது. பஸ் ஸ்டாண்டுலயே வச்சுச் சொல்லுவேன், நீ ஃபிராடுன்னு!"

அவன் காதுமடல் சிவந்தது. ஏன் பேசமாட்டேங்கான்? இடுப்பில் செருகியிருந்த சிமிழ் நெருப்பாய்ச் சுட்டது. சொன்னால் அப்பா மானம் போகும். சொல்லாவிட்டால்... அவன் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கத் தொடங்கிவிட்டான். தெருமுனையில் பஸ் ஹார்ன்.

"அப்பா... நாந்தான் கழட்டுனேன்!"

சிமிழைக் கவிழ்த்தாள். குங்குமம் பூசிய இரண்டு செல்கள் மேசையில் உருண்டன.

"ஏம்ட்டீ?"

"அது நல்லா இருந்தா... அவுக வரமாட்டாகளே."

சக்கரவர்த்தி ஒன்றைத் தொட்டு, விரலில் ஒட்டிய குங்குமத்தையே பார்த்தார்.

படியில் நின்றவன் திரும்பினான். "எனக்குத் தெரியுமுங்க."

"என்னது?" என்றாள்.

"ஓரத்துல துருப்புடிச்ச அதே செல்லத்தானுங்க ஒவ்வொருக்காவும் கழட்டறேன்."

"பெறகு ஏன் சொல்லல? இப்பக்கூட... இம்புட்டு ஏச்சு வாங்கிக்கிட்டு?"

"சொன்னா உங்களுக்குத் திட்டு உழுமுங்களே. அதுவுமில்லாம..." அவன் கண்கள் தரையைத் தேடின. "நீங்க கழட்டறத நிறுத்திப்போட்டா, நான் என்னன்னு சொல்லிட்டு வாரதுங்க?"

பஸ் போய்விட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அவன் ஒரு செல்லை எடுத்துச் சட்டையில் துடைத்தான். பாக்கெட் ஓரம் சிவந்தது. உள்ளே செருகி மூடியை மூடினான்.

"இது ஆறு வருசம் வருமுங்க. நான் அதுக்கு முன்னாலயே வாரனுங்க... ஊட்டாளுங்களக் கூட்டிக்கிட்டு. வரட்டுங்களா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கம்ப்யூட்டரைப் பார்த்தார். நாள் பார்க்க வேண்டுமே... பிறகு, யார் முகத்தையும் பார்க்காமல், பரணுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டு, பஞ்சாங்கத்தைத் தேட ஏறினார் ஜோதிடச் சக்கரவர்த்தி.