ஏணியைப் பிடித்த கை

ஏணி ஆடவில்லை.

பேராசிரியருக்கு அதுதான் முதலில் உறுத்தியது. பின்கால் ஒன்று அரை விரல் குட்டையான ஏணி அது. நாலாம் படிக்கு மேல் ஏறினால் டக் டக்கென்று தாளம் போடாமல் விடாது. இன்று ஏழாம் படிக்கே வந்துவிட்டார், சத்தமே இல்லை. தரை காய்ந்து இறுகியிருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

"ஏணி பிடிக்க நான் வரட்டுமா சார்?" என்று காவலாளி செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்து வாசலிலேயே கேட்டிருந்தார். "போன வருஷம் அம்மா இதுலேர்ந்துதானே விழுந்தாங்க."

"வேணாம். நீங்க கேட்டுக்குப் போங்க."

யாராவது ஏணியடியில் நின்றால் அவர் இப்போதெல்லாம் ஏறுவதே இல்லை.

டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கள்ளி தூண்போல நின்றது. ஏழு மடிப்புள்ள பச்சைத் தண்டு, மடிப்பின் முதுகெல்லாம் வரிசையாகச் சின்னச் சின்னப் பஞ்சு மேடுகள், ஒவ்வொன்றிலிருந்தும் விரல் நீளத்துக்குக் கறுப்பு முட்கள். வருடத்தில் ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு பூ. விடிந்தால் நனைந்த துணிபோலத் தொங்கிவிடும். வேறெங்கும் இல்லாத இனம். மொட்டைப் பாறையில் கண்டுபிடித்து, பன்னிரண்டு வருடம் வளர்த்தவள் அவர் மனைவி. பூவின் அளவுகள் சேர்ந்தால் அதை உலகுக்கு அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரை முடிந்தது. நாளைக்கு அனுப்ப வேண்டும், அவர் பெயரில் மட்டும்.

போன வருடம் அவள்தான் ஏறினாள். "பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். "பிடிச்சிருக்கேன்" என்றார். இருபது வருடம் கூட வாழ்ந்த மனுஷி, நம்பித்தான் ஏறினாள். பிறகு கேட்டவர்களிடமெல்லாம், தான் டார்ச் எடுக்கப் போயிருந்ததாக வாய் கூசாமல் சொன்னார். பக்கத்துக் கள்ளிகளின் மேல் விழுந்து செத்தவளை முள்ளிலிருந்து பிரித்தெடுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

பூ விரிந்திருந்தது. வெள்ளையாய், கையகலத்துக்கு. மண் வாசனையை அமுக்கிக்கொண்டு கனத்த இனிப்பு வாசனை முகத்தில் மோதியது, அதற்கடியில் இன்னொன்றும் மெல்ல ஏறி வந்தது. கற்பூரத் தைலம். முள் குத்திய விரல்களுக்கு அவள் தடவுவது.

அளவுகோலைப் பூவின் குழலோடு சேர்த்துப் பிடித்தார். மேலே இருப்பவர் சொல்ல வேண்டும், கீழே இருப்பவர் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். அவர்கள் இருவரின் பழக்கம் அது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"குழல் நீளம் பதினாறு."

"பதினாறு."

கீழே பென்சில் கீறும் சத்தம்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"சூல்முடிக் கதிர் எத்தனை? எண்ணுங்க. தப்பா எண்ணிட்டா இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கணும்."

பூவின் நடுவில் நட்சத்திரமாய் விரிந்திருந்த கதிர்களை எண்ணினார். "பன்னண்டு."

"பன்னண்டு. கண்டுபிடிச்சது யாரு?"

ஏணியின் குட்டைக்கால் ஒரு தடவை தரையைத் தட்டியது. டக்.

"நீ. நீதாம்மா."

பென்சில் கீறியது.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"கீழ. ஏணியப் பிடிச்சுக்கிட்டு."

"அப்புறம்?"

மறுபடி டக்.

"விட்டுட்டேன்."

பென்சில் வெகுநேரம் எழுதியது. பிறகு அதைக் கீழே வைக்கும் சத்தம்.

"எல்லாம் சொல்லிட்டேன். இறங்கிடுறேன்." குரல் குழந்தையுடையதுபோல உடைந்தது. "பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

போன வருடம் அவர் சொன்ன அதே தொனி.

அப்போதுதான் குனிந்தார். டார்ச் வெளிச்சத்தில் முகம் தெரியவில்லை. ஏணிக் காலைச் சுற்றிய விரல்கள் மட்டும் தெரிந்தன. பச்சை விரல்கள். ஒவ்வொரு கணுவிலும் பஞ்சு மேடு. ஒவ்வொரு மேட்டிலும் கறுப்பு முட்கள்.

சுண்டுவிரல் ஏணிக் காலை விட்டு விலகியது.

மோதிரவிரல்.

நடுவிரல்.

ஏணி ஆடத் தொடங்கியது.