டிக் டிக் பெட்டி

மதராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து அன்னம்மாள் சின்ன காஞ்சிபுரத்துக்குத் திரும்பி வந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. கழுத்துக் கட்டிக்கு அங்கே கரண்ட் வைத்தார்கள். கரண்ட் என்றால் மின்சாரம் இல்லை. இயந்திரத்திலிருந்து வரும் கதிர். கட்டி கரைந்துவிட்டது.

ஆனால் அந்தக் கதிர் இன்னும் தன் உடம்பில் இருப்பதாக அன்னம்மாள் நம்பினாள். தனித் தட்டு, தனிப் பாய். பட்டு நூல் சுற்றும் வேலைக்கும் போகவில்லை. இரண்டு வயது சாமுவேல் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தால், பதறி விலகுவாள்.

“கிட்ட வராதடா கண்ணு! லில்லி, தம்பியத் தூக்கிக்கினு போ!”

டாக்டர், “பயமே வேண்டாம்” என்று சொல்லித்தான் அனுப்பினார். யார் கேட்டார்கள்? சாமுவேல் அழுது அழுது தூங்கினான். பத்து வயது லில்லிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அந்த வாரம் அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடந்தது. ஒரு மேசையில், கதிர் பட்டால் ‘டிக்’ என்று சத்தமிடும் பெட்டி இருந்தது. பொட்டாஷ் உரத்தின் அருகே வைத்ததும் அது படபடவென்று அடித்தது.

“உரத்துலயும் கதிரா சார்?” என்று கேட்டாள் லில்லி.

“பொட்டாசியம் இருந்தா கொஞ்சம் கதிரும் இருக்கும்மா,” என்றார் பெட்டியைக் கொண்டுவந்த கோதண்டபாணி. “வாழைப்பழத்துல இருக்குது. நம்ம உடம்புலயும் இருக்குது. பழத்துலேர்ந்து எப்பவாச்சும் ஒரு எதிர்ப்பொருள் துகள்கூட வரும். அது சாதாரணப் பொருளத் தொட்டா, ரெண்டும் மறைஞ்சு கண்ணுக்குத் தெரியாத ஒளியா ஆயிடும்.”

லில்லி வீட்டுக்கு ஓடினாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கெஞ்சிக் கூத்தாடி அம்மாவையும் அழைத்து வந்தாள். அம்மா பத்தடி தள்ளியே நடந்தாள். உள்ளே பிள்ளைகள் கூட்டத்தைக் கண்டதும் பள்ளி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

லில்லி விஷயத்தைச் சொன்னதும், கோதண்டபாணி பெட்டியை வெளியே எடுத்து வந்து அவள் அருகே வைத்தார்.

“நீயே எண்ணும்மா,” என்றாள் லில்லி.

ஒரு நிமிடம். அம்மா உதடு அசைய எண்ணினாள். இருபத்திரண்டு.

“பாத்தியா? நான் சொன்னேன் இல்ல?” அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

லில்லி சற்று யோசித்தாள்.

“சார், பெட்டிய எங்க ரெண்டு பேர் கிட்ட வைங்க. அம்மா, இப்பவும் நீதான் எண்ணணும்.”

சாமுவேல் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். அம்மா மறுபடி எண்ணினாள். இருபத்துமூன்று.

“ஒண்ணு ரெண்டு ஏறும், இறங்கும்மா,” என்றார் கோதண்டபாணி. “மண்ணுலயும் காத்துலயும் எப்பவும் இருக்கற கதிர்தான் இது. ஆஸ்பத்திரிக் கதிர், மெஷினை நிறுத்தினதுமே போயாச்சு.”

“எங்ககிட்டதான் ஒண்ணு கூட! அப்படின்னா நீதாம்மா எங்ககிட்ட வரக்கூடாது!” என்றாள் லில்லி.

அன்னம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. இரண்டு கைகளையும் நீட்டினாள்.

சாமுவேல் தாவிப் போய், பழம் ஒட்டிய கையால் அவள் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டான். வீடு வந்து சேரும்வரை அவள் அவனைக் கீழே இறக்கவே இல்லை.